காலைப் பிரதி

பெண் பார்க்கப் போகிற வழக்கம் நம் பக்கத்தில் ஒழிந்தே போய்விட்டது. இப்போது பிரதி பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வீட்டு ஹாலில் சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டு, சுவர்த் திரையில் பெண்ணை நடக்கவிட்டு, திரும்பவிட்டு, சிரிக்கவிட்டுப் பார்ப்பார்கள். இதயம், எலும்பு, ரத்தம், மூச்சு எல்லாம் ஓரமாகப் பச்சை எழுத்தில் ஓடும். அந்த நேரத்தில் பெண் தன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் கூச்சமில்லை, பஜ்ஜி சொஜ்ஜிச் செலவும் இல்லை. நாடு முன்னேறிவிட்டது என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

அரசாங்கம் பிரதியை உண்டாக்கியது கல்யாணத்துக்காக இல்லை, வைத்தியத்துக்காக. பதினைந்து வயது நிறைந்தால் ஆளுக்கொரு பிரதி. குளியலறைக் கண்ணாடி தினமும் ஒரு தடவை ஆளை அளக்கும். நடை, குரல், முகம், விரல், நாடி எல்லாவற்றையும் அளந்து பிரதியில் ஏற்றும். உடம்புக்கு ஏதாவது என்றால் டாக்டர் பிரதியைத் திறந்து பார்ப்பார். ஆளைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் அளக்கக் கூடாது, தகுந்த காரணம் இல்லாமல் மரபணுவைப் படிக்கக் கூடாது என்று இரண்டு சட்டம் போட்டிருந்தார்கள். மனிதனுக்கு அந்தரங்கம் என்று ஒன்று வேண்டுமில்லையா? எந்த நேரத்தில் அளப்பது என்பதை மட்டும் அந்தந்த வீட்டின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள்.

நம் ஆட்கள் எந்த நேரத்தை எடுத்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? கல்யாணத்துக்குக் காட்டப்போகிற பிரதி. நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, நெற்றிக்கு இட்டு, முகம் தெளிவாக இருக்கும் நேரம் எதுவோ அதுதான். பாளையங்கோட்டையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் விடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்றது.

சிவசைலம் வீட்டிலும் அப்படித்தான். அவர் மின்வாரியத்தில் பொறியாளர். மனைவி சுபலட்சுமி அவருடைய சொந்தத் தாய்மாமன் மகள், கல்யாணமாகி முப்பது வருஷமாகியும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். ஒரே பெண் நித்திலா. வயது இருபத்தாறு. காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வாயைத் திறக்காமல் கையாலும் முகத்தாலும் கணக்கும் கதையும் சொல்லிக்கொடுப்பாள். குடும்பத்துக்கு ஒரு குறையும் இல்லை, சாயங்காலம் என்று ஒன்று வராமல் இருந்தால்.

பதினேழு வயதில் ஆரம்பித்தது. எறிபந்து விளையாடுகிற பெண். சாயங்காலமானால் இடது கால் விரல்கள் தாமாக உள்ளே மடங்கிக்கொண்டன. சுளுக்கு என்று நினைத்தார்கள். பிறகு நடை இழுத்தது. ஜடை பின்னக் கை ஏறவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மற்றவர்கள் கை கழுவிவிடுவார்கள். ஆனால் இரவு தூங்கிக் காலையில் எழுந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி துள்ளிக்கொண்டு போவாள்.

டாக்டர்கள் பிரதியைத் திறந்தார்கள். பிரதி விறுவிறுவென்று நடந்து காட்டியது. "ஒரு குறையும் இல்லையே" என்றார்கள். ஒருவர் செருப்பை மாற்றச் சொன்னார். ஒருவர் பரீட்சை பயம் என்றார். இன்னொருவர், கொஞ்சம் பெரிய டாக்டர், பெண்ணை வெளியே உட்காரவைத்துவிட்டு, "காதல் விவகாரம் ஏதாவது உண்டா?" என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார். அதற்கப்புறம் மனநல ஆலோசனை என்று இரண்டு வருஷம் அலைந்தாள். ஆலோசகரும் நல்ல மனுஷிதான். உடம்பில் இல்லாத நோயை மனசு உண்டாக்கும் என்று பொறுமையாக விளக்கினாள்.

சிவசைலம் மட்டும் என்ன யோக்கியம்? "விளக்கு வச்சாப் போதும், மகாராணிக்கு உடம்பு வணங்காது" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பெண் பதில் பேசமாட்டாள். சாயங்காலத்தில் அவளுக்குக் குரலும் பாதியாகிவிடும்.

ஒரு நாள் அவளைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலில் காரோடு காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி அவரிடம் வந்தாள்.

"சார், நித்திலா மிஸ் அப்பாதானே? என் பேர் ஹெப்சிபா. நரம்பு டாக்டர். எம் மக ஜெமிமா உங்க பொண்ணுகிட்டதான் படிக்கா."

"அப்படியா, சந்தோஷம்."

"சந்தோஷமான விஷயம் இல்ல சார். சாயங்காலம் மிஸ் முணுமுணுக்காங்கன்னு எம் மக சொல்லுதா."

சிவசைலத்துக்குப் புரியவில்லை. கையால் பாடம் நடத்துகிறவள் எப்படி முணுமுணுப்பாள்?

"கை சின்னதாப் போகுது சார். காலையில இப்படி வீசிச் சொல்லுத வார்த்தையை, மத்தியானத்துக்கு மேல நெஞ்சுக்கு முன்னாலயே சுருக்கி முடிச்சிருதாங்க. இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் முணுமுணுப்பு. இன்னொண்ணும் சொன்னா. அந்த நேரத்துல மிஸ் எங்க மேல கோபமாவே இருக்காங்கன்னு. சைகையில ஒரு கேள்வி கேக்கணும்னா புருவம் ஏறணும். உங்க பொண்ணுக்கு ஏறலை. நானும் சில நாளா ஜன்னல் ஓரமா நின்னு பாத்துட்டுத்தான் பேச வாரேன்."

"அவளுக்கு எல்லாம் பாத்தாச்சு டாக்டர். பிரதியில ஒண்ணுமே இல்லை."

"பிரதியை எத்தனை மணிக்கு எடுக்கீங்க?"

"காலையிலதான். எல்லாரும் மாதிரி."

ஹெப்சிபா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"உங்க வீட்டு மாடித் தொட்டியை நினைச்சுக்கிடுங்க. ராத்திரி பூரா மெதுவா ஊறி நிறையுது. காலையில குழாயைத் திறந்தாத் தண்ணி கொட்டும். சாயங்காலம் திறந்தா வெறும் காத்துதான் வரும். உங்க பொண்ணு மூளையில ஒரு ரசாயனம் அப்படித்தான் இருக்கு. தூங்கி எந்திரிச்சா இருக்கும், பொழுது சாயச் சாயத் தீந்துரும். நீங்க தொட்டி நிறைஞ்ச நேரமாப் பாத்துப் பாத்து அளந்திருக்கீங்க."

"என்ன நோயிங்கீங்க?"

"பார்க்கின்சன் வகை."

சிவசைலம் சிரித்தே விட்டார். "அது வயசானவங்களுக்கு வாரதுல்லா? கை நடுங்கும். இவளுக்கு நடுக்கமே கிடையாது."

"நடுக்கம் இருந்திருந்தா யாராவது ஒருத்தர் கண்ணுலயாவது பட்டிருக்கும். இது பிறவியிலேயே மரபணுவுல இருக்கது. சின்ன வயசுலயே வரும், ரொம்ப மெதுவா ஊரும். இறுக்கம்தான் முதல்ல வரும்." ஹெப்சிபா குரலைத் தணித்தாள். "நடவுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. செத்த செல்லுக்குப் பதிலா மூளையில புதுசை நட்டுருதாங்க. முழுசா சரியாகுது சார், நானே பாத்திருக்கேன். ஆனா நட்டது வேர் பிடிக்கணும்னா பழைய நரம்பு மூணுல ஒரு பங்காவது உயிரோட இருக்கணும். காஞ்சு கட்டாந்தரையான பெறகு நட்டுப் பிரயோசனம் இல்லை. ஒன்பது வருஷமாச்சு. இனி ஒவ்வொரு மாசமும் கணக்குத்தான். கண்ணாடி நேரத்தை இன்னைக்கே சாயங்காலத்துக்கு மாத்துங்க. பிரதியில தெரிஞ்சாத்தான் மரபணு படிக்க அனுமதி கிடைக்கும். அது கிடைச்சாத்தான் நடவு."

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவர் நித்திலாவிடம் சொன்னார். அவள் மெல்லிய குரலில், "அப்பா, அந்த டாக்டர் என்னையா பாத்தாங்க? பிரதியை இல்லையே?" என்று கேட்டாள்.

"உன்னைத்தான்."

அவள் அழுதாள். முகம் அசையாமல் கண்ணீர் மட்டும் இறங்கியது. பார்க்க என்னவோ போலிருந்தது.

வீட்டில் சுபலட்சுமி வேறு கணக்கில் இருந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒரு பையன் வீட்டில் நித்திலாவின் பிரதியை ஒரு மாதத்துக்குக் கேட்டு வாங்கியிருந்தார்கள். தினமும் காலையில் புதுப் பதிவைப் பார்த்துவிட்டு மாமியாராகப் போகிறவள் போனில் கூப்பிட்டுச் சிலாகிப்பாள். "உங்க பொண்ணு சிரிச்சா வீடே நிறையுதே" என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

"இப்ப போயி சாயங்காலத்துக்கு மாத்தினா அவிய என்ன நினைப்பாவ அத்தான்? ஒரு தடவை ஏறிட்டா அழிக்கவும் முடியாது. இந்த இடமும் போச்சுன்னா இவளுக்கு இனி யாரு வருவா?"

"அம்மா, எனக்கு நோயிருக்குங்காங்க."

"இருக்குன்னு யாரு கண்டா? ரோட்டுல நின்னு பாத்துட்டு ஒரு டாக்டரு சொன்னா உடனே உண்டாயிருமா? கல்யாணம் ஆகி, ரெண்டு நல்ல தூக்கம் தூங்கினா எல்லாம் சரியாயிரும்."

சுபலட்சுமி கெட்டவள் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருந்தாள். பிரதி பார்க்க யாராவது கேட்டிருக்கிறார்கள் என்றால் முதல் நாளே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, நேரத்தோடு படுக்கவைத்து, அறைக்கு வெளியே மிக்சி கூடப் போடாமல் காவலிருப்பாள். நோய்க்கு அந்தத் தூக்கம்தான் நல்ல மறைப்பு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

கல்யாணமாகாத பெண்ணின் அளவு நேரத்தை மாற்றத் தகப்பன் கைரேகை வேண்டும். சட்டம் போட்டவர்கள் அந்தரங்கத்தை அந்த அளவுக்குத்தான் நம்பியிருந்தார்கள். நித்திலா குளியலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வைங்கப்பா கையை."

சிவசைலம் கண்ணாடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். டாக்டர் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். பொய்யாக இருந்து சம்பந்தமும் போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம். ஒன்பது வருஷம் போனது, இன்னும் கொஞ்ச நாளில் குடியா முழுகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"நிச்சயம் முடியட்டும்மா. மறுநாளே மாத்திருவோம்."

நிச்சயம் உடனே வந்துவிடவில்லை. பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, பிறகு மார்கழி குறுக்கே வந்தது. தை பிறந்துதான் நாள் குறித்தார்கள், அதுவும் சாயங்கால முகூர்த்தம். சுபலட்சுமி அன்று மத்தியானம் மகளை நாலு மணி வரைக்கும் தூங்கவைத்தாள். எழுந்தபோது நித்திலா பட்டுப் புடவையில் அத்தனை லட்சணமாக இருந்தாள். அவளே தலை பின்னிக்கொண்டாள். சிவசைலத்துக்குக் கூட நம்பிக்கை வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வல்லநாட்டுப் பாலத்தில் மாட்டிக்கொண்டன. வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. தட்டுகளைப் பரப்பினார்கள். பழம், பூ, புடவை, கல்கண்டு. "பொண்ணை வரச் சொல்லுங்க" என்றார்கள்.

நித்திலா அறையிலிருந்து வந்தாள். நிலைப்படி வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

கால் தரையில் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, கால் வரமாட்டேன் என்கிறது. தாண்டுவதற்கு அரை அடி உயரம் கூட இல்லாத படி. கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, வெட்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. சிவசைலம் கண்ணால் ஜாடை காட்டினார். சுபலட்சுமி, "வாட்டி, ராசாத்தி, வா" என்று சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தாள். யாரோ ஒரு கிழவர் இருமினார்.

"பொண்ணுக்கு இஷ்டமில்லை போலுக்கே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பிறகு எழுந்து கிட்டே போய் நித்திலாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நாங்க பாத்த பொண்ணு இது இல்லை. பிரதியைத் திருத்தியிருக்கீங்க."

"சத்தியமா இல்லை சம்பந்தி..."

"சம்பந்தியா? அந்தப் பேச்செல்லாம் வேண்டாம்."

தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்கண்டு மட்டும் தரையில் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. நித்திலா அப்போதும் நிலைப்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். சிவசைலம் போய் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார், சின்னப் பிள்ளையில் மழைத் தண்ணீரைத் தாண்டவைத்த மாதிரி.

மறுநாள் கண்ணாடியில் கைரேகை வைத்தார். அன்று சாயங்காலம் மூன்று பேரும் ஹெப்சிபா வீட்டுக்குப் போனார்கள். அவள் நித்திலாவின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தாள். தொட்டுப் பார்க்கிற டாக்டரை நித்திலா அன்றுதான் முதல் முதலில் கண்டாள்.

"சார், இவங்க உங்களை அத்தான்னு கூப்பிடுதாங்க. வாய்ப் பழக்கமா, முறையா?"

"முறைதான். எங்க அம்மாவும் இவ அப்பாவும் கூடப் பிறந்தவங்க."

ஹெப்சிபா தலையாட்டினாள். "உங்க தாத்தாவோ ஆச்சியோ, யாரோ ஒருத்தர்கிட்ட ஒரு மரபணு பழுதா இருந்திருக்கும். சோடியில ஒண்ணு பழுதானா ஒண்ணும் செய்யாது, இன்னொண்ணு பாத்துக்கிடும். அது உங்க அம்மா வழியா உங்களுக்கும், அவங்க அப்பா வழியா இவங்களுக்கும் வந்திருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ரெண்டும் சேந்து இவளுக்கு வந்துட்டு."

"சொத்து வெளிய போயிரக் கூடாதுன்னு கட்டி வச்சாவ" என்றாள் சுபலட்சுமி. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹெப்சிபா அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். "பிரதியில நோய் இல்லாதவங்களுக்கு இதைக் கொடுத்தா என் லைசென்ஸ் போயிரும். நீங்க வெளிய சொல்லப்படாது."

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஜெமிமா உள்ளே வந்து, நித்திலாவைப் பார்த்துக் கையை ஆட்டி என்னவோ கேட்டாள். நித்திலாவின் புருவம் ஏறியது. சிவசைலம் அதைப் பார்த்தார். பிறகு வாயோரம் நெகிழ்ந்தது. கைகள் மடியிலிருந்து கிளம்பி, தோளுக்கு மேலே போய், விரிந்து வீசின. குழந்தை கைகொட்டிச் சிரித்தது. வெளியே இருட்டு விழுந்துகொண்டிருந்தது, அவர் மகள் அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். சிவசைலம் எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். "உடம்பு வணங்காது" என்று சொன்ன வாயை எதைக் கொண்டு அடிப்பது என்று தெரியவில்லை.

அதோடு கதை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் கேட்கிறது, நடவும் இருக்கிறது.

ஆனால் பிரதி ஒப்புக்கொள்ளவில்லை. பதினோரு வருஷக் காலைகளைப் பார்த்துப் பழகிய பிரதிக்கு இந்தப் புதுச் சாயங்காலங்கள் களைப்பாகத் தெரிந்தன. "தற்காலிகச் சோர்வு, ஓய்வு தேவை" என்று எழுதி ஒதுக்கிவிட்டது. ஹெப்சிபா மனு மேல் மனு போட்டாள். மரபணு படிக்க அனுமதி வருவதற்குள் கோடை வந்து, ஆடிச் சாரல் வந்து, அதுவும் போய்விட்டது. முடிவு அவள் சொன்னபடியேதான் இருந்தது. இரண்டும் பழுது.

அடுத்து நடவுக் குழு. சென்னையிலிருந்து திரையில் ஒரு இளைஞன் பேசினான். மரியாதையான பையன்.

"சார், நோய் இருக்கிறதை நாங்க ஏத்துக்கிட்டோம். ஆனா பிரதிப்படி பார்த்தா உங்க பொண்ணுக்கு மூணுல ரெண்டு பங்கு நரம்பு நல்லா இருக்கு. மாத்திரைக்கும் பிரமாதமா கேக்குது. உங்களைவிட மோசமா இருக்கிறவங்க வரிசையில நிக்கிறாங்க. அவங்களுக்கு முதல்ல கொடுக்கிறதுதானே நியாயம்?"

"தம்பி, அந்தப் பிரதி தப்பு. அது காலைப் பிரதி. ஒரு தடவை ஆளை நேர்ல வச்சு ஸ்கேன் எடுத்துப் பாருங்க."

"முறை வரும்போது கட்டாயம் எடுப்போம் சார். அவசரமே இல்லை. சந்தோஷமா இருங்க."

சில வருஷம் கழித்து முறை வந்தபோது நித்திலாவுக்கு மாத்திரை ஒன்றரை மணி நேரம்தான் நின்றது. மருந்து ஏறினால் உடம்பு பாம்பாக நெளியும், இறங்கினால் கட்டையாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சென்னையில் நேரில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு மங்கல் தீற்றுகள் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு இல்லை, ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. நட்டால் வேர் பிடிக்காது, வீணாகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ரயிலில் திரும்பி வரும்போது நித்திலா சொன்னாள். குரல் கேட்கவில்லை, சிவசைலம் காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"முதல்ல நோயே இல்லைன்னாங்க. பெறகு அவசரமில்லைன்னாங்க. இப்ப முத்திப்போச்சுங்காங்க. நடுவுல ஒரு நாளாவது நான் நோயாளியா இருந்தேனாப்பா?"

அவர் ஹெப்சிபாவிடம் தனியாகப் போய் ஒன்று கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னவுடனே நான் நேரத்தை மாத்தியிருந்தா?"

"தெரியாது சார்."

"பிரதியைப் பின்னால ஓட்டிப் பாத்தாத் தெரியுமுங்காங்களே."

"நான் பாக்க மாட்டேன். நீங்களும் பாக்காதீங்க."

பள்ளிக்கூடத்தார் நல்லவர்கள். நித்திலாவை வேலையை விட்டு நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கென்று அரசாங்கமே ஒரு வழி வைத்திருந்தது. ஆள் முடியாமல் போனால் ஆளின் பிரதி வேலை பார்க்கலாம், சம்பளம் ஆளுக்கு வரும். நித்திலாவுக்கு இருந்ததோ மற்ற எவருக்கும் இல்லாத பிரதி. தூங்கி எழுந்து குளித்த பதினோரு வருஷத்துக் காலைகள். சாயங்காலப் பதிவுகளை அந்தப் பிரதி சோர்வு என்று ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தது வசதியாகப் போயிற்று. நித்திலா சம்மதித்தாள். பிள்ளைகள் படிப்பு கெட்டுப்போகக் கூடாது என்று எழுதிக்காட்டினாள். அந்த எழுத்தைப் படிக்கச் சுபலட்சுமிக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து, அவள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். சிவசைலம் சாயங்காலம் காரை மரத்தடியில் நிறுத்தினார். மாடி ஏற அவளால் முடியாது. 'நீங்க போயிப் பாத்துட்டு வாங்க' என்று கண்ணால் மாடியைக் காட்டினாள்.

வகுப்பின் பின் கதவு வழியாக ஓசைப்படாமல் நுழைந்து கடைசியில் நின்றார். சுவர் முழுக்க நித்திலா. மாலை வெயில் ஜன்னலில் சாய்ந்திருந்தது, அவளோ காலையில் குளித்த முகத்தோடு நின்றாள். நரியும் காக்கையும் என்னவோ சண்டை போடுகிற கதை. நரிக்குக் கண்ணைச் சுருக்கினாள், காக்கைக்குத் தோளைக் குலுக்கினாள், கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்தது. பிள்ளைகள் பெஞ்சில் குதித்தார்கள். சிவசைலமும் சிரித்தார். தன் மகளின் இந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றார். கதை முடிந்து அடுத்த கதை ஆரம்பித்தது. அதையும் பார்த்தார். கீழே காரில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. ஞாபகம் வந்ததும் இறங்கி ஓடினார்.

நித்திலா வைத்தது வைத்தபடி இருந்தாள். எச்சில் வழிந்து தாடையில் காய்ந்திருந்தது. அவர் கைக்குட்டையால் துடைத்தார்.

"சுமார்தாம்மா" என்றார். "உன்னை மாதிரி வரலை. பிள்ளைகளுக்கும் அவ்வளவா ஒட்டலை."

அவள் நம்பினாளா என்று பார்க்க முகத்தில் ஒன்றும் இல்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் மடியில் கிடந்த வலது கை லேசாக எழும்பியது. கட்டைவிரல் மோதிர விரலைத் தொட்டது, மணிக்கட்டு ஒரு விரற்கடை திரும்பியது, மடிக்கு மேலேயே சுருங்கி அடங்கிவிட்டது. சைகை. அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். மறுபடியும் ஒரு தடவை சொன்னாள்.

சிவசைலத்துக்குச் சைகை மொழி தெரியாது. மகள் இத்தனை வருஷம் கற்றுக்கொடுத்த பாஷையில் அவர் ஒரு வார்த்தை கூடக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கென்ன தேவை வந்தது? அவள்தான் பேசுகிறவளாயிற்றே. "என்னம்மா? தண்ணியா? வீட்டுக்கா?" என்று கேட்டார். அவள் அதே சைகையை மூன்றாம் தடவை சொன்னாள்.

"இரு, இப்ப வந்துருதேன்."

மறுபடி மாடியேறினார். மூச்சு வாங்கியது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். சுவரில் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், திரையை அணைக்க ஆள் வரவில்லை.

"வாங்கப்பா" என்றாள். கணீரென்ற குரல். "இவ்வளவு நேரம் கழிச்சு வாரீங்க?"

அவர் வலது கையைத் தூக்கினார். கட்டைவிரலால் மோதிர விரலைத் தொட்டு, மணிக்கட்டைச் சற்றே திருப்பி, பார்த்தது பார்த்தபடி செய்துகாட்டினார்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

அவள் குனிந்து அவர் கையைக் கூர்ந்து பார்த்தாள். புருவம் அழகாக ஏறியது.

"இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினார்.

"இப்படி ஒரு சைகையே கிடையாதுப்பா" என்று சிரித்தாள். "யாரு சொன்னா?"